தபால் பெட்டியில் அப்பா பெயர்

2023 செப்டம்பர் கடைசியில் படிப்புக்காக ஜெர்மனியில் உள்ள டோர்ட்முண்ட் நகருக்கு வந்து இறங்கினேன். இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். மாணவர் விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் அன்றைய கணக்குப்படி 11,208 யூரோ, மாதம் 934 வீதம் கைக்கு வரும். (2024இல் அது 11,904 ஆனது.) சங்கரன்கோவில் மனையை அடமானம் வைத்து அப்பா புரட்டிய பணம்.

ஆன்லைனில் பிடித்த அறை. முன்பணம் கட்டி, வந்து சேர்ந்த பிறகுதான் அறை கொடுத்தவர் வாயைத் திறந்தார்: தங்கலாம், ஆனால் அன்மெல்டுங் கிடையாது. அது உள்வாடகை. நான் அங்கே இருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது.

அன்மெல்டுங் என்பது குடியிருப்புப் பதிவு. நம் பிள்ளைகள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டும். வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் நடக்காது. பதிந்தால்தான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண்ணைக் கேட்காமல் பார்ட் டைம் வேலை தருபவர் அபூர்வம். விசா நீட்டிக்கப் போனாலும் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். வகுப்புக்குப் போனேன், மென்சா என்னும் பல்கலைக்கழக உணவகத்தில் சாப்பிட்டேன், ஆனால் ஊர்க் கணக்கில் நான் இல்லை. ஏடிஎம் கார்டுகூட வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இங்கே முகவரியில் பெரும்பாலும் ஃபிளாட் எண் இருக்காது. பெட்டியில் குடும்பப் பெயர் இருந்தால்தான் தபால் விழும்.

ஏழு வாரம் கழித்து, மதுரைக்கார சீனியர் அக்கா ஒருவர் மூலம் டோர்ட்முண்டிலேயே நோர்ட்ஸ்டட் பகுதியில் பகிர்வு வீட்டில் ஒரு அறை கிடைத்தது. கூட இருந்த ஜெர்மன்காரப் பெண் ஒரு காகிதத் துண்டைக் கத்தரித்துக்கொண்டு, "பெயர்?" என்றாள். என் பெயரைச் சொன்னேன். ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அது முன்பெயராம், குடும்பப் பெயர்தான் வேண்டுமாம். நம்மில் பலருக்கும் போல என் பாஸ்போர்ட்டிலும் அந்த இடத்தில் இருப்பது அப்பா பெயர். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து எழுதினாள். மற்ற இரண்டு பெயருக்குக் கீழே செலோடேப் போட்டு ஒட்டினாள். அவள் மாடிக்குப் போன பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா விமானத்தையே பக்கத்தில் பார்த்ததில்லை.

படம் எடுத்து அனுப்பியதும் போன் வந்தது. "எம்பேர எதுக்கும்மா அங்க ஒட்டுன? நீதான படிக்கப் போன?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எழுத்துல தப்பு ஒண்ணும் இல்லல்ல?" என்றார். தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினாராம்.

அடுத்த கோடையில் மாணவர்களுக்கான பயணச் சீட்டான செமஸ்டர் டிக்கெட்டில் ஹம் ஊர்க் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனேன். ஈழத் தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்குச் செய்த கோயில். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் எண்பதுகளில் அகதியாக வந்தவர். "எங்கட பெட்டியில மாமான்ர பேர்தான் பிள்ளை. மனுசன் யாழ்ப்பாணத்த விட்டு வெளிய வரேல்ல, செத்தும் போனார். இண்டைக்கும் கடிதமெல்லாம் அவற்ற பேருக்குத்தான் வருது" என்றார். பிறகு என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னார்.

வரப்போகிறவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அன்மெல்டுங் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள்.

இந்த அக்டோபரில் வந்த திண்டுக்கல் தங்கச்சிக்கும் இதே கதைதான். என் அறையில் மூன்று மாதம் அவளும் இருக்கட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். சரி என்று தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். நேற்று ராத்திரி அவள் அப்பா பெயரை என் அப்பா பெயருக்குக் கீழே ஒட்டினோம். நீளமான பெயர், முதல் துண்டில் அடங்கவில்லை. இரண்டாவதில் பொடி எழுத்தாக எழுதினோம். பதிவு அலுவலகத்தில் வியாழக்கிழமை காலை எட்டரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள்.