டெலவேர் ஆற்றைத் தாண்டினால் இன்னொரு சட்டம்

நியூஜெர்சியில் உரிமம் வாங்கி உள்மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு 2016ல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் பிலடெல்பியாவில் வேலை கிடைத்தது. வீடு நியூஜெர்சியின் செர்ரி ஹில்லில். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் வேலைக்கு வந்துவிடலாம். ஆனால் உரிமம் பாலம் தாண்டி வராது. அமெரிக்காவில் மருத்துவரை ஒழுங்குபடுத்துவது அந்தந்த மாநிலம். 1889ல் டென்ட் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்துவிட்டது.

நான் படித்தது டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம். மதுரையில் பெரியம்மா இன்னும் என்னை எலும்பு டாக்டர் என்றுதான் சொல்கிறார். பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறும் ஆஸ்டியோபத் வேறு, நாங்கள் வேறு. அமெரிக்காவில் டி.ஓ. என்றால் முழு மருத்துவர்: மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், ஐம்பது மாநிலங்களிலும் அந்த உரிமை உண்டு. ஆனால் யார் உரிமம் தருவது என்பதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் கதை மாறும். நியூஜெர்சியில் எம்.டி.க்கும் (அமெரிக்காவில் அது மேற்படிப்பு இல்லை, வழக்கமான மருத்துவப் பட்டம்) டி.ஓ.வுக்கும் உரிமம் தருவது ஒரே வாரியம். பென்சில்வேனியாவில் டி.ஓ.க்களுக்குத் தனி வாரியம், 1978ல் வந்த தனிச் சட்டம். எம்.டி.க்களுக்கு 1985ஆம் ஆண்டின் வேறொரு சட்டம். மருத்துவரின் உதவியாளர்கள் குறித்த விதிகளைத் தளர்த்த வேண்டும் என்றால்கூட இரண்டு சட்டங்களையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். 2021ல் அப்படித்தான் செய்தார்கள்.

தனி வாரியம் எதற்கு என்று எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் கலிபோர்னியாவில் நடந்ததைப் படித்தபோது கொஞ்சம் புரிந்தது. 1962ல் அங்கே டி.ஓ.க்கள் 65 டாலர் கட்டி எம்.டி. ஆகிக்கொள்ளலாம் என்றார்கள், புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கொடுப்பதையே நிறுத்தினார்கள். அது திரும்ப வந்தது 1974ல், மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு. சொந்த வாரியத்தை விட்டுக்கொடுக்க மூத்தவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சரி, பென்சில்வேனியா உரிமத்துக்கான விண்ணப்பத்துக்கு வருவோம். பெரிய முட்டுக்கட்டை, பட்டம் வாங்கிய பிறகு மருத்துவமனையில் பெறும் முதலாண்டுப் பயிற்சி. அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கம் அங்கீகரித்த பயிற்சி ஓராண்டு வேண்டும் என்று பென்சில்வேனியா அப்போது கேட்டது. மிச்சிகன், ஓக்லஹோமா போன்ற சில மாநிலங்களும் கேட்டன. நான் பயிற்சி பெற்றதோ எம்.டி.க்களுக்கான அங்கீகாரம் மட்டும் பெற்ற மருத்துவமனையில். அதனால் அந்த ஆண்டைச் சமமாக ஏற்கச் சொல்லிச் சங்கத்துக்கு எழுத வேண்டியிருந்தது. இதற்கு வழிசெய்த சங்கத் தீர்மானத்தின் எண்ணை வைத்து, எங்கள் வட்டாரத்தில் இதைத் 'தீர்மானம் 42' என்றே சொல்வோம். அந்த ஆண்டில் எந்தப் பிரிவில் எவ்வளவு காலம் இருந்தேன் என்று பயிற்சி பெற்ற இடத்தில் இருந்து கடிதம் வர வேண்டும். அவர்கள் அசைவதாகத் தெரியவில்லை. மின்னஞ்சலை விட்டுவிட்டு அங்கிருந்த செயலாளரம்மாவிடம் போனில் பேசிய பிறகுதான் நகர்ந்தது. 2020க்குள் பயிற்சி இடங்கள் எல்லாம் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்துவிட்டதால், இப்போது படித்து வருபவர்களுக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

அடுத்தது பெயர். பட்டத்தில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய நியூஜெர்சி உரிமத்தில் கணவர் பெயர். டி.ஓ.க்கள் உரிமத்துக்காக எழுதும் காம்லெக்ஸ் தேர்வின் மதிப்பெண்கள் ஒரு பெயரில், உரிமச் சரிபார்ப்பு இன்னொரு பெயரில் போய்ச் சேர்ந்தால் கோப்பு அப்படியே நிற்கும். திருமணச் சான்றிதழ் நகலைக் கேட்கும் முன்பே ஏற்றிவிடுங்கள். இது நம் ஆட்களுக்கு அதிகம் நடக்கிறது.

மற்றவை எளிது. குற்றப் பின்னணிச் சான்று, மருத்துவர்கள் மீதான நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் தேசிய மருத்துவர் தரவு வங்கியில் நம்மைப் பற்றி நாமே எடுக்கும் அறிக்கை, குழந்தைகள் மீதான வன்முறையை அடையாளம் கண்டு புகார் செய்வது பற்றிய 3 மணி நேரப் பயிற்சி. கடைசியில் சொன்னதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. ஆன்லைனிலேயே முடிக்கலாம், உண்மையில் பயனுள்ளதும்கூட.

உரிமம் வந்ததும் உடனே வேலையில் சேர முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள் எழுத டி.இ.ஏ. (மத்திய அரசின் போதைமருந்துத் தடுப்பு அமைப்பு) தரும் பதிவும் மாநிலத்துக்கு ஒன்று தனியாக வேண்டும்; உரிமம் கையில் இல்லாமல் அதற்கு விண்ணப்பிக்க முடியாது. வேலை தருபவரிடம் சேரும் தேதியைப் பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் புதுப்பித்தல். இரட்டைப்படை ஆண்டுகளில், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. தொடர்கல்வி 100 மணி நேரம்; அதில் 20 மணி நேரம் ஆஸ்டியோபதி சங்கம் முதல் வகை என்று பிரித்திருக்கும் பாடங்களில் இருக்க வேண்டும். கெடு அக்டோபர் 31. பக்கத்து அறை எம்.டி.க்கு டிசம்பர் 31. அவர் இன்னும் நேரம் இருக்கிறதே என்று சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.