பதினாறு இஞ்ச் ஆசை

நேற்று ராத்திரி மழையில் காட்பாடி ரோட்டில் தண்ணீர் நிறைந்த பள்ளம் தெரியாமல் காரை விட்டேன், டமால். காலையில் பார்த்தால் டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். உள்ளே நூல் அறுந்துபோச்சுண்ணே, இதுக்கு ஒட்டு போட முடியாது, மாத்திடுங்க என்றார் டயர் கடைத் தம்பி. எல்லாம் அழகுக்கு ஆசைப்பட்டு நான் மாற்றிய சைஸ்தான். முன்பு 185/65 ஆர்15, அதாவது 185 மி.மீ. அகலத்தில் 65 சதவீதம், சுமார் 120 மி.மீ. பக்கச்சுவர், ரிம் 15 இஞ்ச். இப்போது 195/55 ஆர்16, பக்கச்சுவர் வெறும் 107, ரிம் 16 இஞ்ச். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ரிம் பெரிசானதால் நடுவில் மெத்தை மாதிரி அடி தாங்குகிற ரப்பரும் காற்றும் குறைந்துவிட்டது. பழைய இரும்பு ரிம் நெளிந்தாலும் தட்டி எடுத்திருக்கலாம், இப்போதுள்ள அலாய் (அலுமினியக் கலவை) ரிம் விரிசல் விட்டிருந்தால் அவ்வளவுதான் (நல்லவேளை, தப்பியது). சரி, பழைய பதினைந்து இஞ்ச் செட் மொட்டை மாடியில்தான் கிடக்கிறது, சாயங்காலம் இறக்கணும்.