முடிச்சு நிற்கும் இடம்

ஏரியில் தூண்டில் போட்டுப் பழகியவன் கல்குவாரிக்குப் போனால் முதல் நாளே முழிப்பான். நானும் முழித்தேன். ஏரியில் கரையிலிருந்து ஆழம் படிப்படியாகக் கூடும். இடுப்பளவு, ஆளுயரம், அப்புறம் இரண்டாள் என்று மனசில் ஒரு கணக்கு இருக்கும். குவாரியில் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. காலடியில் பாறை சுவர் மாதிரி இறங்கும். நான்கு முழம் தள்ளிப் போட்டாலே இருபத்தைந்து அடி.

நான் போகும் குவாரி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த ஞாயிறு எனக்கு உட்கார இடம் இருக்காது. 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து சென்னைக்குக் கொடுத்தார்களே, அந்த மாதிரிக் குழிதான், அளவில் சின்னது. குத்தகைக்கு எடுத்தவர் மீன்குஞ்சு விட்டிருக்கிறார். ஒரு நாளைக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டு தூண்டில் போட விடுவார். எனக்கு டூவீலர் ஒர்க் ஷாப், ஞாயிறு லீவு. அப்படித்தான் ஆரம்பித்தது.

முதல் நாள் நான் கொண்டுபோனது சாதாரணத் தக்கை. பழைய ஹவாய் செருப்பில் வட்டமாக வெட்டி, நடுவில் ஈர்க்குச்சி சொருகியது. தங்கூசில், அதாவது தூண்டில் நைலான் நரம்பில், இறுக்கிவிட்டால் அது அங்கேயே நிற்கும். தூண்டில் முள்ளை பதினைந்தடிக்கு இறக்க வேண்டுமென்றால் தக்கைக்கும் முள்ளுக்கும் நடுவே பதினைந்தடி தங்கூஸ் இருந்தாக வேண்டும். என் ராடோ எட்டடி. எப்படி வீசுவது? கையால் சுருள் சுருளாக எடுத்து ஒரு வழியாகத் தூக்கிப் போட்டேன். அரை மணி நேரத்தில் தக்கை முங்கியது. சுண்டினேன், மாட்டிக்கொண்டது, நல்ல கனம். ரீலைச் சுற்றச் சுற்ற தக்கை மேலே வந்து ராடின் நுனி வளையத்தில் 'டக்' என்று முட்டி நின்றுவிட்டது. மீன் இன்னும் பதினைந்தடி கீழே! இதற்கு மேல் ரீல் சுற்றாது. ராடைக் கீழே போட்டுவிட்டுத் தங்கூசைக் கையில் பிடித்தேன். அது ஒரே இழுப்பு. ஆள்காட்டி விரலில் சவரக்கத்தி கிழித்தது போல ஒரு கோடு, மீன் போய்விட்டது.

பக்கத்துப் பாறையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "தம்பி, தக்கைய கட்டிப் போட்டா கெணத்துல பிடிக்க முடியாது. அத ஓட விடணும்."

ஓடும் தக்கை என்பது அவ்வளவுதான். தக்கையைத் தங்கூசில் இறுக்குவதில்லை. அடியில் ஒரு சின்ன வளையம் வைத்து, அதன் வழியாகத் தங்கூஸ் தாராளமாக ஓட வேண்டும். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் தங்கூசின் மேல் ஒரு முடிச்சு. வீசும்போது அந்த முடிச்சு ராடு வளையங்களுக்குள் புகுந்து ரீலில் சுற்றிக் கிடக்கும். தக்கை கீழே ஈயக் குண்டுக்குப் பக்கத்தில் தொங்கும். தண்ணீரில் விழுந்ததும் ஈயம் தங்கூசை இழுத்துக்கொண்டு இறங்கும், முடிச்சு வந்து தக்கையில் முட்டியதும் நிற்கும். முப்பதடி ஆழத்துக்கும் எட்டடி ராடு போதும்.

அடுத்த ஞாயிறுக்குள் ஒன்று செய்துவிட்டேன். உடம்புக்கு மயிலிறகுத் தண்டு, கனம் தாங்க செருப்பு ரப்பர். வளையத்துக்கு ஒர்க் ஷாப்பில் கிடந்த பழைய ஆக்சிலேட்டர் கேபிளிலிருந்து ஒரே ஒரு இழை. ஈயம் பத்து கிராம். ஈயத்துக்குக் கீழே முள் ஒன்றரை அடியில். ஈயத்துக்கு மேலே இரண்டடியில் இன்னொரு பொடி ஈயத்தைப் பல்லால் கடித்துப் பொருத்தினேன், தக்கை அதைத் தாண்டிக் கீழே இறங்காமல் இருக்க. இது இல்லாவிட்டால் வீசும்போதே முள் தக்கையைச் சுற்றிக்கொள்ளும், அவிழ்ப்பதற்குள் விடிந்துவிடும்.

முடிச்சில்தான் நான் அதிபுத்திசாலித்தனம் காட்டினேன். சைக்கிள் வால்வு டியூப் அரை சென்டிமீட்டர் வெட்டித் தங்கூசில் கோத்தேன். இறுக்கிக் கட்டும் தக்கைக்கு அது அருமையான பொருள், ஆனால் இங்கே நுனி வளையத்துக்குள் நுழையாது. வீசிய வேகத்தில் ரப்பர் அங்கே சிக்கி, முள்ளில் வைத்த மாவு மட்டும் தனியாகப் பறந்து நடுக் குவாரியில் விழுந்தது. பெரியவர் சிரிக்கவில்லை. வெற்றிலையை மட்டும் துப்பினார்.

சரியான வழி நூல்தான். ஜீன்ஸ் தைக்கிற தடித்த நூல் ஒரு சாண். தங்கூசோடு சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணி விட்டு, கண்ணிக்குள்ளேயே ஐந்து சுற்று சுற்றி, எச்சில் தொட்டு இரண்டு முனையையும் மெதுவாக இழுக்க வேண்டும். காய்ந்த நூலை இழுத்தால் தங்கூஸ் சூடாகி நெளிந்துவிடும். முனைகளை ஒட்ட நறுக்கக் கூடாது. நறுக்கினால் குச்சி மாதிரி விறைத்து ஒவ்வொரு வளையத்திலும் தட்டும், ஓர் அங்குலம் விட்டால் மடங்கிக்கொண்டு போய்விடும். முடிச்சு விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக நகரக் கூடாது.

அப்புறம் ஒரு பாசிமணி. முடிச்சு அவ்வளவு சின்னது, தக்கையின் வளையத்துக்குள் நுழைந்து வெளியே போய்விடும். நடுவில் பொடி மணி கோத்தால் அது தடுக்கும். மணிக்கு எங்கே போவது?

"அப்பா, என் பாசிமணில ஒண்ணு கொறையுது. நீ எடுத்தியா?"

"ஒண்ணுதாண்டா."

"மீனுக்கா?"

அந்த மணியும் உதவவில்லை, அதன் ஓட்டை பெரிசு. முடிச்சு, மணி, வளையம் எல்லாவற்றையும் தாண்டித் தக்கை அன்னபோஸ்டாக ராடு நுனி வரை ஏறி வந்தது. ஓட்டை பொடிசான மணியை மகளே தேடித் தந்தாள்.

வீசிய பிறகு ஒரு பொறுமை வேண்டும். தக்கை விழுந்தவுடன் பழக்க தோஷத்தில் ரீலின் கம்பியை மூடிவிடுவோம். மூடினால் தங்கூஸ் ஓடாது, இரை பாதியிலேயே தொங்கும். கம்பியைத் திறந்தே வைத்து எண்ண வேண்டும். அதுவரை தக்கை தண்ணீரில் படுத்துக் கிடக்கும், தங்கூஸ் சுருள் சுருளாகப் போய்க்கொண்டிருக்கும். இருபது எண்ணும்போது முடிச்சு வந்து மணியில் முட்டும். படுத்திருந்த தக்கை மெல்ல எழுந்து நிற்கும். அதைப் பார்க்கவே நான் நாலு தடவை அதிகமாக வீசியிருக்கிறேன்.

எழுந்து நிற்கவில்லை என்றால் ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆழம் பார்ப்பதும் அப்படித்தான். தக்கை படுக்கும் வரை முடிச்சை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். ராடை வைத்து அளந்தேன். மூன்று ராடும் கொஞ்சமும். இருபத்தேழு அடி.

அங்கேதான் தப்பு செய்தேன். ஆழத்தில் பிடிக்கக் கருவி வந்துவிட்டது, ஆகவே அடி ஆழத்தில் பிடிப்பேன் என்று முடிச்சை இருபத்தாறடியில் வைத்து, பங்குனி, சித்திரை இரண்டு மாதம் உட்கார்ந்தேன். கடலைப் பிண்ணாக்கு, தவிடு, மைதா, ஏலக்காய் என்று இரையை மாற்றி மாற்றிப் பிசைந்தேன். ஒரு கடி இல்லை. 200 ரூபாயும் டீச்செலவும்தான் மிச்சம்.

ஒரு நாள் ஈயம் தரையில் இறங்கி மேலே வந்தது. கையில் பிடித்தால் சில்லென்றிருந்தது. வெளியே பாறை சுடுகிறது, இது ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி. அதில் ஒட்டியிருந்த சேறு கன்னங்கரேல். மோந்து பார்த்தேன், அழுகிய முட்டை நாற்றம். பெரியவரிடம் நீட்டினேன்.

"அடியில மூச்சு முட்டும் தம்பி. நீ இருப்பியா அங்க?"

விஷயம் அதுதான். வெயிலில் மேல் தண்ணீர் சூடாகி லேசாகிறது, கீழே உள்ள குளிர்ந்த தண்ணீர் கனமாக அப்படியே கிடக்கிறது. ஏரியாக இருந்தால் காற்று கலக்கிவிடும். குவாரியில் நாலு பக்கமும் சுவர், காற்று இறங்காது. அடியில் அழுகுவதெல்லாம் அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்த்துவிடும். சூடும் குளிரும் பிரியும் கோட்டுக்கு மேலேதான் மீன் திரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. குத்தகைக்காரர் விட்டது கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று கெண்டைகளும். மூன்றையும் ஒரே தண்ணீரில் விடுவதற்குக் காரணமே அவை சண்டை போடாமல் மாடி மாடியாகச் சாப்பிடும் என்பதுதான். மேலே கட்லா, நடுவில் ரோகு, தரையில் மிர்கால். கட்லாவின் வாயைப் பார்த்தாலே தெரியும், மேல் நோக்கித் திறந்திருக்கும். தேங்கிய தண்ணீரில் இவை முட்டை போடாது, ஆற்று வெள்ளம் வேண்டும். 1957-இல் ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற மீன் விஞ்ஞானி பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்திராவிட்டால், கங்கைப் பக்கத்து மீன் எங்கள் குவாரியில் ஏது?

முடிச்சைப் பதினான்கு அடிக்கு இறக்கினேன். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் தக்கை எழுந்து நின்றது, நின்ற தக்கை ஓர் அங்குலம் உயர்ந்து, சாய்ந்து, படுத்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டதோ என்று நினைத்தேன். பதினான்கடியில் தரை ஏது? இரையை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ மேலே வருகிறது! ராடைப் பக்கவாட்டில் நீளமாக இழுத்தேன். தங்கூஸ் தண்ணீருக்குள் வளைந்து கிடப்பதால் வெறும் மணிக்கட்டுச் சுண்டல் முள் வரை போய்ச் சேராது.

பத்து நிமிடம். தக்கை தண்ணீருக்கு மேலே வந்தது, நூல் முடிச்சு ஒவ்வொரு வளையமாக 'டிக், டிக்' என்று உள்ளே போனது. தக்கை மட்டும் கீழே மீன் பக்கம் வழுக்கிக்கொண்டே இருந்தது. போன தடவை முட்டி நின்ற அதே நுனி வளையம். பெரியவர் வலையோடு இறங்கி வந்தார். தலையே பாதி உடம்பு, மூன்றரைக் கிலோ கட்லா.

அடைமழை முடிந்து போன வாரம் போனேன். பதினான்கில் கடி இல்லை, இருபதில் இரண்டு ரோகு. ஈயத்தைத் தொட்டுப் பார்த்தேன், முன்பு போல் சில்லென்று இல்லை. மகளிடம் இன்னும் நான்கு மணி கடன் பாக்கி.