108 ஈ.எம்.டி. ஆய்வு செய்யவும் வகுப்பு நடத்தவும் போக முடியுமா? நான் போன வழி

108 ஆம்புலன்சில் ஈ.எம்.டி.யாக, அதாவது நோயாளிக்கு வண்டியிலேயே அவசர உதவி செய்பவராக இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த வண்டியை விட்டால் அடுத்து என்ன அண்ணே?" கேட்பவர்களில் பலர் என்னைப் போல பி.எஸ்சி. விலங்கியலோ தாவரவியலோ முடித்தவர்கள். தமிழ்நாட்டு 108 அந்தப் பட்டங்களையும் எடுத்துக்கொள்ளும். 50 நாள் பயிற்சி, பிறகு 12 மணி நேர ஷிப்ட். கேரளத்து 108-ல் நர்சிங் படித்தவர்கள்தான் ஈ.எம்.டி. நான் வேலை பார்த்தது கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டை, புளியரைப் பக்கம். செக்போஸ்டைத் தாண்டி வரும் வண்டியில் நர்ஸ் இருப்பார், இந்தப் பக்கம் விலங்கியல்காரன் நான். வேலை ஒன்றுதான். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பட்டம் குறுக்கே வரும்.

எனக்கு இடம் கிடைத்தது பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பான இரண்டு வருட எம்.பி.எச்.-ல். எல்லாப் பல்கலைக்கழகமும் நம்மைச் சேர்க்காது. தகுதிப் பகுதியில் 'லைஃப் சயின்ஸ்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் வேலையை விட்டுவிட்டுத்தான் சேர்ந்தேன். நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டே புள்ளியியல் படிக்கலாம் என்பவர்கள் நைட் ஷிப்ட் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆய்வுக்கு நான் எடுத்தது பாம்புக்கடி. கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போகும் நம்மூர் ஆட்களைக் கடித்தால், சொந்தக்காரர்கள் மலையிறக்கி இங்கேதான் கொண்டுவரப் பார்ப்பார்கள். எல்லையில் செல்போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ, சில நேரம் அழைப்பு அந்த மாநிலத்து 108-க்குப் போய்விடும். அவர்களிடம் இடத்தைச் சொல்லிப் புரியவைத்து, அழைப்பு இங்கே மாறி வருவதற்குள் நேரம் ஓடிவிடும். நம் விஷமுறிவு மருந்தும் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு மேடான குழிவிரியன் ஒன்று உண்டு. அதன் விஷத்துக்கு இந்த மருந்து கேட்காது. சிறுநீரகத்தையும் அது கெடுக்கக்கூடும். எப்போது கடித்தது, முதலில் எங்கே போனார்கள் என்று ஒவ்வொரு கேசுக்கும் பதிவுத்தாளில் எழுதித்தான் வந்தோம். மொத்தமாக எடுத்து வைத்துப் பார்த்தால் என்ன தெரியும் என்பதுதான் என் கேள்வி.

எங்கள் பைலட் (வண்டி ஓட்டுநர்) அண்ணாச்சி சிரித்தார்: "எலே தம்பி, கடிச்ச நேரத்த யாரு மணி பாத்துச் சொல்லுதா? மாடு கறக்கப் போனப்பம்பான்." அவர் சொன்னது அப்படியே ஆய்வுக்குள் வந்தது. நிமிடக் கணக்கை விட்டுவிட்டு, கடி நேரத்தை அதிகாலை, முற்பகல் என்று பொழுதுகளாகப் பிரித்தோம். அழைப்பு வந்த நேரம், வண்டி போய்ச் சேர்ந்த நேரம் ஆகியவற்றைத்தான் நிமிடமாக நம்பினோம்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் நான் எதிர்பாராத கேள்வி வந்தது. "பதிவுகளில் சிலர் நீங்களே ஏற்றிப் போனவர்கள். பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வராதா?" இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலில் விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழு என மூன்று வகைப் பரிசீலனை உண்டு. பழைய காகிதம்தானே, விலக்கு கிடைத்துவிடும் என்று யாரும் நினைத்துப் போகாதீர்கள். பெயர், போன் நம்பர், ஊர் மூன்றையும் ஆய்வில் சம்பந்தமில்லாத ஒருவர் நீக்கி, எண் போட்டு என்னிடம் தர வேண்டும் என்று முடிவானது. நியாயமான கேள்வி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தரவு தரும் அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேறு கதை, மாதக்கணக்கில் இழுத்தது. என் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்தோடு எழுத்தில் கேட்ட பிறகுதான் கோப்பு நகர்ந்தது. போனில் கேட்பது வீண்.

பாடம் நடத்தும் வேலை பி.எல்.எஸ். (நெஞ்சை அழுத்தி உயிர்காக்கும் அடிப்படைப் பயிற்சி) பயிற்றுநர் தகுதியால் வந்தது. முதலில் நாமே அந்தப் பயிற்சியில் தேற வேண்டும், பிறகு பயிற்றுநர் வகுப்பு, அப்புறம் மூத்தவர் ஒருவர் பின்னால் உட்கார்ந்து நாம் நடத்துவதைப் பார்ப்பார். பயிற்றுநர் அட்டை இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது ஆழம்: இது கைக்கு ஏற்கெனவே தெரியும். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சை ஏன் முழுதாக மேலெழ விடணும் என்று ஒரு மாணவி கேட்டாள். அப்போதுதான் இதயம் மறுபடி ரத்தத்தால் நிரம்பும் என்று படம் போட்டு விளக்கினேன். வண்டியில் யாரும் காரணம் கேட்பதில்லை.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கேட்பார்கள். ஆய்வுத் திட்ட வேலை ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் சம்பளமும் நிற்கும். கல்லூரி வேலை கிடைக்கும்வரை நான் வாரக் கடைசியில் தொழிற்சாலைகளுக்கு முதலுதவிப் பயிற்சி கொடுத்துத்தான் சமாளித்தேன். இப்போதும் அதை விடவில்லை.