பின் வீல், மூன்றாவது கட்டு

நேற்று சைக்கிளில் வால்பாறை ஏறி இறங்கியாயிற்று. போகும்போது நாற்பது கொண்டை ஊசி வளைவு, வரும்போது நாற்பது. வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் பின் வீலைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். கோட்டம், அதாவது சுற்றும்போது ரிம் பக்கவாட்டில் ஆடும் அளவு, 0.3 மி.மீ. ரிம், ஹப், கம்பி எல்லாம் தனித்தனியாக வாங்கி நானே கட்டி முடித்த அன்று இருந்ததும் இதே 0.3 தான். நடுவில் 1,500 கி.மீ. ஓடியிருக்கிறது, நிப்பிள் சாவியை (கம்பி முனையில் இருக்கும் குட்டி நட்டைத் திருகி இறுக்குவது) ஒரு தடவைகூடத் தொடவில்லை. அந்தக் கெத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு முன் இரண்டு தடவை கட்டியபோது ஏன் எழுதவில்லை என்று கேட்காதீர்கள், கீழே வருகிறது.

எல்லாம் ஆரம்பித்ததும் அதே மலையில்தான். போன வருடம் இறங்கி வரும்போது ஒன்பதாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே பின்னால் ‘டங்’ என்று ஒரு சத்தம். பார்த்தால் வலது பக்கம் ஒரு கம்பி போயிருக்கிறது. அது ரெடிமேட் வீல், பின்னால் மொத்தமே 20 தட்டைக் கம்பி. இருபதில் ஒன்று போனால் ரிம் எவ்வளவு வளையும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேக்கைத் திறந்துவிட்டேன், அப்படியும் சுற்றவில்லை. டயர் ஃபிரேமிலேயே உரசியது. மதில் ஓரம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வரையாடுகள் வந்து பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் ஒரு குட்டியானைக்காரர் ஏற்றிக்கொண்டு ஆழியாறில் இறக்கிவிட்டார்.

கம்பி ஒன்றுதானே, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வீலுக்கு அந்த வீலின் கம்பிதான் சேரும். தலை வேறு, நீளம் வேறு, நிப்பிளும் வேறு. வாங்கிய கடையில், “ஆர்டர் போட்டுடறோம் சார்” என்றார்கள். ஏழு வாரம் கழித்து வந்தது. முன் வீல் கம்பி.

சரி, இனி நாமே கட்டுவது என்று முடிவெடுத்தது அந்த ஆத்திரத்தில்தான். ஆனால் ஆத்திரம் தணிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, ரெடிமேட் வீல் செய்கிறவர்கள் முட்டாள்கள் இல்லை என்பது நன்றாகவே புரிந்தது. பின் வீலின் தலைவலியே இரண்டு பக்கமும் சமமில்லாததுதான். 11 ஸ்பீடு கேசட்டுக்கு (பின்னால் இருக்கும் கியர் பல்சக்கரத் தொகுதி) இடம் விட்டு, வீலின் நடுவில் இருக்கும் ஹப்பின் வலது ஃபிளாஞ்சை, அதாவது கம்பிகள் மாட்டும் விளிம்பை, உள்ளே தள்ளிவிடுகிறார்கள். என் ஹப்பில் அளந்தேன்: நடுக்கோட்டிலிருந்து வலது ஃபிளாஞ்ச் 17.5 மி.மீ., இடது 37. ரிம் நடுவில் நிற்க வேண்டுமென்றால் வலது கம்பியின் இழுவிசையில் 47 சதவீதம்தான் இடது கம்பிக்குக் கிடைக்கும். வலது 110 கிலோ என்றால் இடது 52. இதைச் சாவியால் திருகிச் சரிசெய்ய முடியாது. இடதை இறுக்கினால் ரிம் இடப்பக்கம் போய்விடும், அவ்வளவுதான். ரெடிமேட் வீல் செய்யும் ஃபுல்கிரமும் கம்பக்னோலோவும் இதற்கு வலது பக்கம் இரண்டு பங்கு, இடது பக்கம் ஒரு பங்கு கம்பி போடுகின்றன. இடது கம்பிகள் எண்ணிக்கையில் பாதியாகிவிடுவதால் ஒவ்வொன்றும் வலதுக்குக் கிட்டத்தட்டச் சமமாக இறுகி நிற்கும். ஹப்பையும் ரிம்மையும் ஒரே மேசையில் வைத்து வரைகிறவர்களுக்கு இது சுலபம். கடையில் தனித்தனியாக வாங்கிக் கோர்க்கும் எனக்குப் பக்கத்துக்குப் பதினாறு, அதுதான் விதி.

எடையிலும் எனக்கு நஷ்டம்தான். பழைய பின் வீல் 960 கிராம், நான் கட்டியது 1,085. ஆனால் நான் 84 கிலோ. என்னை வைத்துக்கொண்டு வீலில் 125 கிராம் மிச்சம் பிடிப்பது, கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது மாதிரி. நீங்கள் 60 கிலோ, ஞாயிறு காலை மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்றால் பேசாமல் ரெடிமேட் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். நம் ஊர்ப் பெரிய சைக்கிளை நினைத்துப் பாருங்கள்: முன்னால் 32 கம்பி, பின்னால் 40. கேரியரில் இரண்டு மூட்டை, முன்பாரில் ஒரு பிள்ளை என்று போகிற வண்டிக்கு யாரோ யோசித்துத்தான் அந்தக் கணக்கை வைத்திருக்கிறார்கள்.

பொருள்கள்: டிடி ஸ்விஸ் ஆர்460 ரிம், 32 துளை. ஷிமானோ 105 ஹப். 2.0-1.8-2.0 கம்பி (இரண்டு முனையிலும் 2 மி.மீ., நடுவில் 1.8). பித்தளை நிப்பிள். அலுமினிய நிப்பிள் எடை குறைவுதான், ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டும் சென்னை நண்பர் ஒருவரின் வீலைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசையே போய்விட்டது. உப்புக்காற்றில் நிப்பிள்கள் வெள்ளைப் பொடி பூத்து, சாவி வைத்ததும் தலை தனியாக வந்தது. ரிம்மின் ஈ.ஆர்.டி.யை, அதாவது நிப்பிள் உட்காரும் இடத்தில் அளந்த விட்டத்தை, இரண்டு வெட்டிய கம்பியை வைத்து நானே அளந்தேன். அச்சிட்டிருந்த 596 தான் வந்தது. மூன்று குறுக்கு போட்டால் (ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடந்து போகும்) கம்பி நீளம் வலது 289.4 மி.மீ., இடது 291.2. பெங்களூரில் கம்பி விற்பவரிடம் இரட்டைப்படை நீளம்தான் உண்டு, அதனால் 290, 292 வாங்கினேன். கம்பி நிப்பிள் தலையைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. அவர் நல்ல மனிதர், சில்லறையாக நான்கு கம்பி கேட்டாலும் அட்டைக் குழாயில் போட்டு அனுப்புகிறார். நான் பக்கத்துக்கு இருபதாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் கட்டு. கோர்ப்பதில் ஒன்றும் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். ஒரு சாயங்காலத்தில் கோர்த்து, மறுநாள் கோட்டம் எடுத்து, நடு பார்த்து, கம்பியின் இழுவிசையை அளக்கும் மீட்டரில் வலது 110 வரை ஏற்றிவிட்டேன். அரை மில்லிக்குள் சுற்றியது. இவ்வளவுதானா என்று ஒரு இறுமாப்பு. மறுநாள் காலை சிறுவாணி ரோட்டில் எழுந்து நின்று முதல் மிதி மிதித்ததும் பின்னால் டிங், டிங், டிங் என்று மழைத்துளி மாதிரி சத்தம். பன்னிரண்டு கிலோமீட்டரில் கோட்டம் மூன்று மில்லி.

தெருமுனை சைக்கிள் கடை அண்ணனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரிடம் ஸ்டாண்டும் கிடையாது, மீட்டரும் கிடையாது. வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஃபோர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, நகத்தை ரிம்முக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றுவார். ஒரு கம்பியை இரண்டு விரலால் பிடித்துச் சாவியைக் கால் சுற்று திருப்பச் சொன்னார். திருப்பினேன்.

“சாவியத் திருப்புனா நிப்பிள் மட்டுமா கண்ணு சுத்தும்? கம்பியும் சேந்து முறுக்கிக்கும். நீ முறுக்கிக் கட்டிருக்கிற, அது ரோட்டுல போய் அவுந்துக்கிச்சு.”

“அப்ப என்னங்ண்ணா பண்றது?”

“கொஞ்சம் தாண்டித் திருப்பு, அப்புறம் அந்தக் கொஞ்சத்தப் பின்னால வா.”

படித்திருந்ததுதான். ஆனால் விரலில் உணர்ந்த பிறகுதான் மண்டையில் ஏறியது. எல்லாவற்றையும் தளர்த்தினேன். ஒவ்வொரு கம்பியிலும் காகித டேப்பில் ஒரு சின்னக் கொடி ஒட்டினேன். சாவியைத் திருப்பும்போது கொடி எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவும் முறுக்கு. இழுவிசை ஏற ஏறக் கொடி அதிகம் சாயும், கடைசிச் சுற்றுகளில் கால் திருப்பம்வரை போனது. அதே அளவு தாண்டித் திருப்பிப் பின்னால் வந்தால் கொடி நேராக நிற்கும். அப்புறம் இணையாகப் போகும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையுறை போட்டுக்கொண்டு நன்றாக அழுத்திப் பிடிப்பது. ‘தி பைசைக்கிள் வீல்’ புத்தகம் எழுதிய ஜோப்ஸ்ட் பிராண்ட் இதை வெறும் உட்காரவைக்கும் வேலையாகப் பார்க்கவில்லை. கம்பியின் வளைவில், செய்யும்போதே தங்கிவிட்ட தகைவு (ஸ்ட்ரெஸ்) இந்த அழுத்தத்தில்தான் போகும், இல்லாவிட்டால் அந்த இடத்தில்தான் களைத்து முறியும் என்று விளக்கியிருக்கிறார். 1,000 கி.மீ. போனால் வீல் ஏறத்தாழ 4.75 லட்சம் தடவை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும் கம்பி கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். எப்படிக் களைக்காமல் இருக்கும்?

இரண்டாவது கட்டு 300 கி.மீ. நின்றது. சந்தோஷமாக இருந்தபோது ஒருநாள் வீலைத் துடைக்கையில் இடது பக்கம் இரண்டு நிப்பிள் கைவிரலுக்கே சுற்றின. வலது பக்கம் அசையவில்லை. மீட்டரை வைத்தால் வலது 110 என்றே காட்டுகிறது. இங்கேதான் எனக்குப் பித்துப் பிடித்தது.

என் மீட்டர், வீல் கட்டுகிறவர்கள் பலரிடம் இருக்கும் ஒரு நீல நிறச் சாதனத்தின் நகல், இணையத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கியது. அதன் அட்டவணையை நம்பித்தான் இரண்டு தடவை கட்டியிருக்கிறேன். அது சரியா என்று எப்படித் தெரியும்? தெரிந்த எடையை ஒரு கம்பியில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரண்டு இரும்புத் தகடு வெட்டி வாங்கினேன். ஒன்றில் கம்பியின் தலை மாட்ட 2.5 மி.மீ. துளை, இன்னொன்றில் நிப்பிள் உட்காரும் துளை. மேல் தகட்டைக் கூடத்தில் ஊஞ்சல் கொக்கியில் மாட்டினேன். கீழ்த் தகட்டிலிருந்து சங்கிலி, சங்கிலியில் பலகை. எடைக்கு? அக்கா வீட்டுக்கும் சேர்த்து வாங்கிப் போட்டிருந்த 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கு இருந்தது. மளிகைக்கடைத் தராசில் நான்கையும் எடை போட்டேன், எல்லாம் சில நூறு கிராமுக்குள் சரி. 1.8 மி.மீ. கம்பியில் நூறு கிலோ தொங்கிக்கொண்டு மெல்லச் சுற்றுவதைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கம்பி அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலேயே தாங்கும். பலகை தரையிலிருந்து நான்கு விரல் உயரம்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அரிசியத் தொங்க வுட்டுட்டு என்ன சாமி பண்ணிட்டிருக்க?” என்றார். சைக்கிள் வீல் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

இரண்டு சிப்பம், 50 கிலோ: மீட்டர் 57 காட்டியது. நான்கு சிப்பம், 100 கிலோ: 112. கழற்றி மாட்டி மூன்று தடவை பார்த்தேன், அதேதான். அப்படியானால் நான் 110 என்று நினைத்துக்கொண்டிருந்தது 98. இடது பக்கம் 52 என்று நினைத்தது 46 கிலோகூட இல்லை. என் எடையும் ரோட்டுப் பள்ளமும் சேர்ந்தால் இடது கம்பி முழுக்கத் தளரும் நொடிகள் வந்திருக்கும். அந்த நொடியில் நிப்பிள் தானாகக் கழலும். மீட்டரைத் திட்டி என்ன ஆகப்போகிறது, எத்தனை தப்பு என்று தெரிந்துவிட்டால் அதுவும் ஒரு நல்ல மீட்டர்தான். மார்க்கரால் அதன் மேலேயே திருத்தக் கணக்கை எழுதி வைத்துவிட்டேன்.

மூன்றாவது கட்டில் இரண்டே மாற்றம். வலதை உண்மையான 110க்கு ஏற்றினேன். இடது பக்க மரையில் லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) தொட்டேன். கட்டும்போது வழுக்கும், இரண்டு நாளில் பிசின் மாதிரி காய்ந்து பிடித்துக்கொள்ளும். மர பாலிஷ் சாமான் விற்கும் கடையில் சின்ன பாட்டிலாகக் கிடைக்கிறது. காய்ச்சியதைக் கேட்டு வாங்க வேண்டும், பச்சை எண்ணெய் காய வாரக் கணக்காகும்.

ஒரே பக்கக் கம்பிகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க மீட்டரைவிடக் காதுதான் வேகம், மீட்டி மீட்டிக்கொண்டே போகலாம். பாட்டு கற்றுக்கொள்ளும் அக்கா மகளை உட்காரவைத்து மீட்டிக் காட்டினேன். இடது கம்பியை ‘ஸ’ என்று வைத்துக்கொண்டு வலதை மீட்டியதும், “ப மாதிரி வருது மாமா, ஆனா ப இல்ல” என்றாள். குழந்தை சரியாகத்தான் சொன்னது. சுருதி இழுவிசையின் வர்க்கமூலத்தோடு போகும். 47 சதவீதம் என்றால் வலது 1.46 மடங்கு மேலே. பிரதி மத்யமம் சுமார் 1.4, பஞ்சமம் 1.5. இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நிற்கிறது என் பின் வீல். பஞ்சமம் தாண்டிக் கேட்டால் இடது தளர்ந்திருக்கிறது என்று இப்போது பழகிவிட்டது.

முன் வீல் இன்னும் கட்டவில்லை. ஹப் வந்து இரண்டு மாதம் பெட்டியில் கிடக்கிறது. இதற்கிடையில் நண்பர் ஒருவர் ரெடிமேட் முன் வீல், 20 கம்பி, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு அதை வாங்கினால் சிரிப்பீர்கள். ஆனால் முன்னால் கேசட் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே இழுவிசை, சுமையும் குறைவு. அங்கே ரெடிமேட்டைக் குறைசொல்ல எனக்குக் காரணமே கிடைக்கவில்லை. அநேகமாக வாங்கிவிடுவேன். மிச்சமாகும் பணத்தில் துளைகள் ஒரு பக்கமாகத் தள்ளிய ரிம் ஒன்றைப் பின்னால் கட்டிப் பார்க்க ஆசை. இரண்டு, மூன்று மில்லி தள்ளினாலே இடது கம்பிக்கு 60 கிலோவுக்கு மேல் கிடைக்கும் என்கிறது கணக்கு. அதற்குக் கம்பி நீளம் மாறும், மறுபடி பெங்களூருக்கு ஆர்டர் போட வேண்டும்.

தகடு இரண்டும் இன்னும் ஊஞ்சல் கொக்கியில்தான் தொங்குகின்றன. பொங்கலுக்குள் கழற்றி ஊஞ்சலை மாட்ட வேண்டும் என்று அம்மா கெடு வைத்திருக்கிறார்.