த்ரேகியேவில் ஒரு நேர்த்திக்கடன்

நேர்ந்துகொண்டதை முடிக்க எனக்கு ஆறு வருடம் ஆனது. புதுச்சேரியில் தாத்தா கட்டிய வீட்டுக்காக அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டிருந்த சமயம். பாரிசில் என்னோடு வேலை பார்க்கும், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த பிரெத்தோன் பெண் ஒருத்தி, "எங்கள் ஊர்ப் புனித ஈவிடம் சொல்லு. வக்கீல்களுக்கும் கோர்ட்டுக்கு அலைகிற ஏழைகளுக்கும் அவர்தான் பாதுகாவலர்" என்றாள். அன்றிரவே செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கு முடிந்தால் உங்கள் கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். அடுத்த வருடமே தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நான் போகவில்லை. வேலை, பிள்ளைகள், அப்புறம் அப்பாவின் மறைவு என்று தள்ளிக்கொண்டே போனது. இந்த முறை அம்மா வந்து இறங்கிய மறுநாளே கேட்டார்: "அந்த வக்கீல் சாமிக்கு நேர்ந்தியே, போனியா?"

அதனால் புனித ஈவின் திருவிழா நடக்கும் மே மாத மூன்றாம் ஞாயிற்றுக்கு முதல் நாளே கிளம்பிவிட்டோம். மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து கேங்காம்ப் வரை ரயில், அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை வழி. ழோதி ஆறும் கேந்தி ஆறும் சேரும் இடத்தில் ஒரு சின்ன மேட்டின் மேல் இருக்கிறது த்ரேகியே. பிரெத்தோன் மொழியில் லாந்த்ரெகெர். எங்கிருந்து பார்த்தாலும் பேராலயத்தின் 63 மீட்டர் கூம்புதான் முதலில் தெரிகிறது.

மறுநாள் காலை எட்டரைக்கே பேராலயத்துக்குள் போய்விட்டோம். வெளியே தூறல். உள்ளே ஈரக் கல்லும் மெழுகும் கலந்த வாசனை. புனித ஈவின் கல்லறை வடக்குப் பக்கம், வெள்ளைக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய விதானத்தின் கீழ் இருக்கிறது. சுற்றியுள்ள சுவரில் நன்றிப் பலகைகள். அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே போனவர், பக்கத்துச் சிற்றாலயத்தில் இன்னொரு கல்லறையைப் பார்த்து நின்றுவிட்டார். "இவர் யாரு? இவரும் புனிதரா?"

அவர் புனிதர் இல்லை. பிரிட்டனியை 1399 முதல் 1442 வரை ஆண்ட ஐந்தாம் ழான் பிரபு. திருப்பலிக்கு நேரம் இருந்தது. மர நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். வருவதற்கு முன் பல இரவுகள் இவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

ழான் வான் நகரத்தில் 1389 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிறந்தவர். அப்பா இறந்து பட்டத்துக்கு வந்தபோது பத்து வயதுகூட நிரம்பவில்லை. அவருடைய அம்மா மறுமணம் செய்துகொண்டு இங்கிலாந்து மன்னர் நான்காம் ஹென்றிக்கு ராணியாகப் போய்விட்டார். இவருக்கு வாய்த்த மனைவியோ பிரான்சு மன்னர் ஆறாம் ஷார்லின் மகள். இரண்டு தேசமும் நூறாண்டுப் போரில் மோதிக்கொண்டிருக்க, இரண்டு பக்கமும் சொந்தம். 1415-ல் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய அஜின்கோர்ட் போர்க்களத்துக்கு இவர் படை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தம்பி ஆர்த்தூர் மட்டும் அங்கே போரிட்டுச் சிறைப்பட்டார். நழுவல்காரர் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சுற்றிலும் ஊர்கள் எரிந்த காலத்தில் தன் நாட்டு மக்கள் உழுது அறுத்து மீன் பிடித்து வாழும்படி பார்த்துக்கொண்டவர் அவர். வின்சென்ட் பெரர் என்ற பெரிய போதகர் 1418-ல் பிரிட்டனிக்கு வந்து, அடுத்த வருடம் வான் நகரத்திலேயே உயிர் விட்டதும் இவர் ஆட்சியில்தான்.

"சரி, இங்க ஏன் வந்து படுத்திருக்காரு?" என்றார் அம்மா.

அதற்குப் பங்காளிச் சண்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 1341-ல் ஆண் வாரிசு இல்லாமல் ஒரு பிரபு இறந்துபோனார். அவருடைய மாற்றாந்தாய்த் தம்பி ஒரு பக்கம், இன்னொரு தம்பியின் மகள் ஒரு பக்கம். 23 வருடம் யுத்தம். மாற்றாந்தாய்த் தம்பியின் வம்சம் மோன்ஃபோர், நம் ழான் அந்த வம்சம்தான். மகளின் வம்சம் பாந்தியேவ்ர். அந்த மகளின் கணவர் ஷார்ல் த புளுவா 1364-ல் ஓரே போரில் வெட்டுப்பட்டு இறந்ததோடு மோன்ஃபோர் வென்றது. தோற்றவர்கள் மறக்கவில்லை. 1420 பிப்ரவரி 13-ஆம் தேதி, ஷார்லின் பேரன் ஒலிவியேவும் அவர் தாய் மார்கரித்தும் விருந்துக்கு வரும்படி ழானை ஷாந்தோசோ கோட்டைக்கு அழைத்தார்கள். வழியில் ஒரு சின்னப் பாலம். ழான் தாண்டியதும் பின்னால் வந்த ஆட்கள் வர முடியாதபடி பாலத்துப் பலகைகளைத் தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். அவரையும் உடன் வந்த தம்பி ரிஷாரையும் பிடித்துக் கட்டி, கோட்டை கோட்டையாக இடம் மாற்றிச் சிறை வைத்தார்கள். எந்த நேரமும் கொன்றுவிடுவோம் என்ற மிரட்டல் வேறு.

முப்பது வயது மனிதர், இருட்டறையில், ஏறக்குறைய ஐந்து மாதம். அப்போதுதான் நேர்ந்துகொண்டார். உயிரோடு வெளியே வந்தால் த்ரேகியேவில் புனித ஈவுக்கு என் எடைக்கு எடை வெள்ளி, நாந்த் நகரத்துக் கார்மேல் மடத்து மாதாவுக்கு என் எடைக்கு எடை பொன்.

"துலாபாரமா!" அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம பக்கத்து வழக்கமாச்சே. வெளிய வந்தப்புறம் கொடுத்தாரா?"

கொடுத்தார். அதுதான் என்னை உறுத்தியது. அவர் மனைவி ழன் சீமாட்டி படை திரட்டி, பாந்தியேவ்ர் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் மார்கரித் இருந்த ஷாந்தோசோவையே வளைத்துக்கொண்டார். ஜூலை 5-ஆம் தேதி ழான் விடுதலையானார். மிரட்டலில் பங்காளிகளுக்குக் கொடுத்த வாக்குறுதிகளை அவர் ஏற்கவில்லை. புனிதருக்குச் சொன்ன வார்த்தையை மட்டும் நிறைவேற்றினார். ஈவின் கல்லறையை அழகான நினைவுச் சின்னமாக எழுப்பி, பக்கத்திலேயே இந்தச் சிற்றாலயத்தைக் கட்டி, தன்னை இங்கேதான் அடக்கம் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். 1442 ஆகஸ்டில் நாந்தில் இறந்தபோது உடலை அங்கேயே புதைத்துவிட்டார்கள். த்ரேகியே குருக்கள் விடவில்லை. ஒன்பது வருடம் கழித்து 1451-ல் உடல் இங்கே வந்து சேர்ந்தது.

இப்போது நாம் பார்க்கும் கல்லறைகள் அந்தக் காலத்தவை இல்லை. 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிப் படையின் எத்தாம்ப் பட்டாளம் உள்ளே புகுந்து எல்லாவற்றையும் உடைத்தது. பிரபுவோடு சிறைப்பட்ட தம்பி ரிஷார் பின்னாளில் அதே எத்தாம்ப் ஊருக்குச் சீமானாக இருந்தவர் என்று படித்தபோது மனசு கனத்துவிட்டது. ஈவின் கல்லறை 1890-ல் திரும்ப எழுந்தது. பிரபுவின் சிற்பம் 1945-ல் வந்தது.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார், "அந்தப் பங்காளிங்க என்ன ஆனாங்க?"

அவர்கள் நிலம் பறிபோனது, ஷாந்தோசோ தரைமட்டமானது. ழான் உயிரோடு இருந்தவரை சமாதானம் ஆகவில்லை. 1448-ல் அவர் மகன் பிரான்சுவா காலத்தில்தான் ஆனது. இன்னொன்றையும் சொன்னேன். பங்காளிகளின் தாத்தா அந்த ஷார்ல் த புளுவாவும் ஈவின் பெரிய பக்தர். உறைபனியில் லா ரோஷ் தெரியானிலிருந்து இந்தப் பேராலயத்துக்கு வெறுங்காலோடு நடந்து வந்தவர். ஈவுக்குப் புனிதர் பட்டம் கிடைக்கப் பாடுபட்டவர். ஒரே புனிதரிடம் இரண்டு வீட்டாரும் வந்து முழந்தாளிட்டிருக்கிறார்கள்.

அந்தப் புனிதரோ வாழ்நாள் முழுக்க வழக்காடிகளைச் சமாதானம் பண்ணிவைத்தவர். 1253-ல் கேர்மார்த்தென் மாளிகையில் பிறந்து, பாரிசிலும் ஓர்லெயானிலும் சட்டம் படித்து, த்ரேகியே ஆயரின் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தார். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். தன் மாளிகையைப் பசித்தவர்களுக்குத் திறந்துவிட்டுத் தான் தரையில் படுத்தார். சமையல் வாசனையை முகர்ந்த பிச்சைக்காரனிடம் கடைக்காரன் காசு கேட்க, நாணயத்தைச் சுண்டி "அந்தச் சத்தமே உன் கூலி" என்று தீர்த்த கதையை நாம் மரியாதை ராமனுக்குச் சொல்வோம், இங்கே ஈவுக்குச் சொல்கிறார்கள்.

திருப்பலி முடிந்து பவனி கிளம்பியது. பிரெத்தோன் மொழியில் இதற்குப் 'பார்தோன்' என்று பெயர், மன்னிப்பு என்று அர்த்தம். ஈவின் மண்டையோடு இருக்கும் பேழையைத் தோளில் சுமந்து, கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக வக்கீல்கள் வரிசையாக நடக்க, பங்குக் கொடிகள் பின்னால் வந்தன. ஈவ் பிறந்த பக்கத்து ஊரான மினிஹி வரை ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அம்மாவின் முழங்கால் வலியைச் சொல்லி நான் தயங்க, "வேளாங்கண்ணிக்கு நடந்தவ நான்" என்று முன்னே போய்விட்டார்.

மினிஹி கோவில் வாசலில், கல்லறைத் தோட்டத்தில், ஒரு பழைய கல் பீடம் இருக்கிறது. நடுவில் தாழ்வான வளைவு. அதன் வழியே குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போக வேண்டும். முன்னால் போன ஒரு வயதான வக்கீல் தன் அங்கியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். வளைவின் ஓரம் அத்தனை தலைமுறையின் தோள் உரசி வழவழப்பாக இருந்தது. பாதியில் நின்றுவிட்டார். நான் மறுபக்கம் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. அங்கேயே, கல்லில் நெற்றியை வைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது நெற்றியில் பாசியின் பச்சை ஒட்டியிருந்தது. துடைக்க விடவில்லை.

திரும்பிப் பேராலயத்துக்கு வந்தோம். கல்லறை முன்னால் என் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். கை நடுங்கி மெழுகு விரலில் விழுந்தது. ஆறு வருடம் தாமதித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். வழக்கு ஜெயித்ததற்கு நன்றி சொல்ல வாயெடுத்தால் வார்த்தை வரவில்லை. அப்பாவின் அடக்கத்துக்குச் சித்தப்பா வந்து, உள்ளே வராமல் கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டுப் போனது கண் முன்னால் வந்தது.

அம்மா காசுப் பெட்டியில் இன்னொரு நாணயம் போட்டு இன்னொரு மெழுகுவர்த்தி எடுத்தார். என்னுடையதிலிருந்தே பற்றவைத்து, பக்கத்தில் நிறுத்தினார்.

"இது உன் சித்தப்பாவுக்கு. ஊருக்குப் போனதும் நான் போய்ப் பாக்குறேன்."

கதவுப் பக்கமிருந்து காற்று வந்தது. இரண்டு சுடரும் நிமிர்ந்து எரியும் வரை அம்மா கையைக் குவித்து மறைத்துக்கொண்டே நின்றார்.