பழகின சத்தம்

செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ராத்திரி செகா, மொரீசியஸ் தீவின் ஆட்டமும் பாட்டும். தீவின் மேற்குக் கரையில் ஒரு ஓட்டல். நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் நடுவே பலகை மேடை. ரவான் என்கிற பறை ஒன்று, விதை போட்டுக் குலுக்கும் மராவான் ஒன்று, டிரையாங்கிள், கீபோர்டு, பேஸ் கிட்டார், இரண்டு பாடகர்கள், பாவாடை சுழற்றி ஆட நான்கு பெண்கள். நான் ஒலி கலக்கும் மிக்சருக்குப் பின்னால். ஒன்பது வருஷமாக அதே பாட்டுகள், அதே வரிசை. கடைசிப் பாட்டுக்கு விருந்தாளிகளை மேடைக்கு இழுப்பார்கள். வெயிலில் சிவந்துபோன ஒருவர் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஆடுவார். ஆள்தான் மாறும், ஆட்டம் மாறாது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம், 2024 ஜூன் 14 அன்று வெளிவந்த மோனோ என்ற ஜப்பானியக் குழுவின் ‘ஓத்’ இசைத் தொகுப்பைக் கேட்டு நானே “இதில் என்ன புதுசு?” என்று கேட்டவன். தோக்கியோவில் 1999-இல் தொடங்கிய குழு. கிட்டார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் உண்டு, பாடகர் மட்டும் கிடையாது. இந்த வகை இசைக்குப் போஸ்ட் ராக் என்ற பெயரை 1994-இல் எழுதிப் பரவலாக்கியவர் இங்கிலாந்து விமர்சகர் சைமன் ரெனால்ட்ஸ். பெயர் கிடக்கட்டும். ஒரு கிட்டார் தனியாக, தயங்கித் தயங்கி ஆரம்பிக்கும். இன்னொன்று வந்து சேரும். ஏழெட்டு நிமிஷத்தில் எல்லாமாகச் சேர்ந்து மலையேறி, உச்சியில் நின்று இரைந்துவிட்டு இறங்கும். மோனோவின் முதல் தொகுப்பு 2001-இல் வந்தது. அதன் தலைப்புக்கு ‘அரச மரத்தடியில்’ என்று பொருள். அந்தத் தலைப்புக்காகவே வாங்கிக் கேட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

புதிய தொகுப்பை முதலில் கேட்டது ஓட்டல் வேனில், வேலை முடிந்து வீடு திரும்பும்போது. இரண்டு பக்கமும் கரும்பு, வேன் வெளிச்சம் படுகிற இடம் மட்டும் வெள்ளை. எங்கே கிட்டார் நடுங்கத் தொடங்கும், எங்கே டிரம்ஸ் உள்ளே விழும், எங்கே வயலின்கள் வரும் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது. சென்னையில் இருக்கும் நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். “நேத்து வச்ச குழம்பைச் சூடு பண்ணிக் குடுத்திருக்காங்கடா” என்று பதில் போட்டான். சிரித்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

அடுத்த மாதம் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜூலை இங்கே குளிர்காலம். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே தூறல்.

எங்கள் ரவான் கலைஞரை ஓட்டலில் எல்லாரும் ‘தோந்தோன்’ என்பார்கள். இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் மாமா. நான் ஐயா என்பேன். வீட்டில் கிரியோல் பேசி வளர்ந்தவர், சின்ன வயதில் கோயிலை ஒட்டிய மாலை வகுப்பில் தமிழ் படித்தவர். அதனால் அவர் பேச்சே பாடப்புத்தகம் மாதிரி இருக்கும். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் “தம்பி, நீங்கள் உணவு உண்டீர்களா?” என்றுதான் கேட்பார். என் மதுரைப் பேச்சைக் கேட்டால் சிரிப்பை அடக்கமாட்டார். தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடுகிற நாடு இது. அன்றைக்கு மட்டும் அவர் செகா வாசிக்க வரமாட்டார், காவடிக்குப் போய்விடுவார்.

ரவான் என்பது ஆட்டுத்தோல் கட்டிய பெரிய வட்டப் பறை. மடியில் நிறுத்திக் கையால் அடிப்பது. ஈரக்காற்றில் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காய்ச்சினால்தான் பேசும். பல இடங்களில் இப்போது செயற்கைத் தோல் வந்துவிட்டது, ஐயா அதைத் தொடமாட்டார். மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டக் கூடாது என்பது ஓட்டல் உத்தரவு. அதனால் சமையலறைக்குப் பின்னால் மீன் சுடுகிற கரி அடுப்பில் காய்ச்சுவார். அன்று மழை என்று அந்த அடுப்பையே பற்றவைக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? புது டிஜிட்டல் மிக்சர் வந்து மூன்று வாரம். கை அரித்துக்கொண்டிருந்தது. ஒன்பது வருஷ அலுப்பும் சேர்ந்துகொண்டது. தொய்ந்த தோலை ஈக்வலைசரில் நிமிர்த்திவிடலாம் என்று அடி ஒலியைக் குறைத்தேன், மேல் ஒலியைத் தூக்கினேன், கொஞ்சம் எதிரொலியும் சேர்த்தேன். என் ஹெட்போனில் பிரமாதம். இரண்டாவது பாட்டில் ஐயா குனிந்து மைக்குக்குக் கிட்டே வந்தார், ஸ்பீக்கர் கூவ ஆரம்பித்தது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதது. அதைவிட மோசம், ஆடுகிற பெண்களுக்குக் கால் தப்பியது. அவர்கள் கால் வைப்பது அந்த அடி ஒலியின் மேல், அதைத்தான் நான் வெட்டியிருந்தேன்.

ஐயா கோபப்படவில்லை. கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “தம்பி, என் ரவானை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?” என்றார்.

அப்பா மைக்செட் வைத்திருந்தவர். கோயில் கொடைக்கும் சாவு வீட்டுக்கும் அவரோடு போய், வைக்கோலைக் கொளுத்தித் தப்பு காய்ச்சுவதை எத்தனை தடவை பார்த்திருப்பேன். எனக்கா தெரியாது?

அந்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் அடுப்படியில் அவரோடு நின்றேன். தணலிலிருந்து ஒரு சாண் தள்ளித் தோலைக் காட்டி, வட்டத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுநடுவே கட்டைவிரலால் ஒரு தட்டு. முதலில் ‘தொப்’. ஈரத்துணியைத் தரையில் போட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் ‘தும்’. அப்புறம் அந்தத் ‘தும்’முக்கு ஒரு வால் முளைத்தது. இன்னும் ஒரு சுற்று காட்டுவார் என்று நினைத்தேன், எடுத்துவிட்டார். அதிகம் காய்ந்தால் கிழியும். கடல் காற்றில் அந்தச் சூடு நாலு பாட்டு தாங்கினால் அதிகம், பிறகு மறுபடி அடுப்பு. ஒன்பது வருஷமாக நான் ‘அதே சத்தம்’ என்று சலித்துக்கொண்டதை இவர் ஒரு ராத்திரிக்கு இரண்டு தடவை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

அன்று மிக்சரில் எதையும் திருகவில்லை. மைக்கை மட்டும் தோலின் நடுவிலிருந்து விளிம்புப் பக்கமாக நாலு விரல்கடை தள்ளிவைத்தேன்.

‘ஓத்’தைச் சிகாகோவில் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பினி. மோனோவோடு 2004 முதலே பல தொகுப்புகளில் இருந்தவர். தன்னைத் தயாரிப்பாளர் என்று சொல்லிக்கொள்ளமாட்டார், ஒலிப்பதிவாளர் என்றுதான் சொல்வார். எவ்வளவு விற்றாலும் அதில் பங்கு வாங்கமாட்டார், வேலைக்குக் கூலி, அத்தோடு சரி. குழுவை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்கவிட்டு, சரியான மைக்கைச் சரியான இடத்தில் வைத்துப் பிடிப்பது அவர் வழி. தொகுப்பு வெளிவர ஐந்து வாரம் இருக்கும்போது, மே 7 அன்று, மாரடைப்பில் போய்விட்டார். வயது 61. என் மாதிரி மிக்சர் பின்னால் நிற்கிறவர்களுக்கு அது வீட்டுச் சாவு.

திரும்பக் கேட்டேன், இந்தமுறை டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு. அடி விழுந்த பிறகு அறைக்குள் காற்று அசைவது கேட்கிறது. எல்லாக் கிட்டாரும் சேர்ந்து இரைகிற இடத்திலும் பேஸ் எங்கே நிற்கிறது என்று விரலை வைத்துக் காட்டலாம். இதற்குக் காது அலையவேண்டும், வேனில் ஒரு தடவை கேட்டால் ஆகாது. அதற்காக நான் கட்சி மாறிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் இரண்டு உருப்படிகள் இன்னமும் இழுக்கின்றன. என்னைக் கேட்டிருந்தால் ஒன்றையாவது வெட்டச் சொல்லியிருப்பேன்.

போன செவ்வாய் வேனில் ஐயா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்ன கேட்கிறீர்கள் என்றார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார், கட்டைவிரல் முழங்காலில் லேசாகத் தட்டியபடி இருந்தது. ஐந்து நிமிஷம் கழித்து ஒரு காதை மட்டும் விலக்கினார்.

“தம்பி, பாடுகிறவர் எப்போது வருவார்?”

“வரமாட்டார், ஐயா.”

“ஓ” என்று மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் இறங்கும் இடம் வரும்வரை தரவில்லை. இறங்கும்போது வானத்தைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை மழை வரும் போல இருக்கிறது. அடுப்பு உண்டா என்று சமையற்காரரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.”